கையால் தள்ளும் டெலஸ்கோப்பில் வியாழனின் மேக ஓட்டத்தை அளந்தது

2026 ஜனவரி 10 அன்று வியாழன் எதிரமைவுக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வந்தது. பொழுது சாயும்போது கிழக்கே ஏறி, விடியும்வரை வானத்தில் நிற்கும் நாட்கள் அவை. தூரம் சுமார் 63 கோடி கிலோமீட்டர். வட்டின் அகலம் 46 ஆர்க் செகண்டுக்குச் சற்று மேல் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு). நமக்கு இதைவிடத் தோதான தேதி அமைவது கஷ்டம். இதற்கு முந்தைய இரண்டு எதிரமைவுகளும், 2023 நவம்பர் 3, 2024 டிசம்பர் 7 என்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுந்தன. இந்தத் தடவை மழை ஓய்ந்து, மார்கழி முடிந்து, தை பிறக்கிற நேரம்.

சீசன் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். சுவரில் மாட்டும்படி ஒரு நல்ல படம் எடுப்பது என் வேலையல்ல. ஒரே டெலஸ்கோப், ஒரே கேமரா, ஒரே முறை என்று வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நேரம் சரியாக இருக்க வேண்டும். வியாழனின் மேகங்கள் எத்தனை டிகிரி நகர்ந்தன என்று நானே அளந்து தாளில் எழுத வேண்டும். 8 அங்குலக் கண்ணாடியும் மோட்டார் இல்லாத டாப்சோனியன் மவுண்டும் (டெலஸ்கோப்பைக் கையால் திருப்பும் தாங்கி) இதற்குப் போதும் என்பது என் நம்பிக்கை. இந்த சீசன் அதை உறுதி செய்தது.

கருவிகள் இவ்வளவுதான்: 200 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத்தூரம் கொண்ட நியூட்டோனியன் என்ற கண்ணாடி டெலஸ்கோப். படத்தை 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ். ஏஎஸ்ஐ 224 கலர் கேமரா. ஒரு பழைய லேப்டாப். பார்லோ போட்டால் குவியத்தூரம் 3600 மி.மீ. ஆகிறது. கேமராவின் ஒரு பிக்சல் 3.75 மைக்ரான், ஆகவே படத்தில் ஒரு பிக்சல் என்பது 0.215 ஆர்க் செகண்ட். எதிரமைவு நாட்களில் வியாழன் சுமார் 217 பிக்சல் அகலத்துக்கு வரும். வியாழனின் தூரத்தில் ஒரு பிக்சலுக்கு 660 கிலோமீட்டர். 8 அங்குலத்தால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சிறிய அளவு சுமார் 1,800 கிலோமீட்டர். இலங்கையின் நீளத்தைப் போல நான்கு மடங்கு இருந்தால்தான் ஒரு மேகம் என் படத்தில் தனியாகத் தெரியும்.

இடம் பொள்ளாச்சிப் பக்கம். அட்சரேகை 10.7 டிகிரி வடக்கு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வியாழன் வானத்தில் எவ்வளவு தெற்கே போனாலும், எவ்வளவு வடக்கே வந்தாலும், இங்கே அதன் உச்ச உயரம் 55 டிகிரிக்குக் குறைவதே இல்லை. 2019, 2020-இல் வியாழன் தெற்கே போனபோது லண்டன்காரர்கள் அதைக் கூரை உயரத்தில், 16 டிகிரியில், காற்றின் அடர்ந்த அடுக்குகள் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதே வியாழன் நமக்குச் சுமார் 56 டிகிரி உயரத்தில் இருந்தது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே ஓடுகிற ஜெட் காற்றும் இவ்வளவு தெற்கே வருவதில்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரம் கிட்டத்தட்ட நம் அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே இருந்துதான் கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் 2006-இல் வியாழனில் பிஏ என்று பெயரிடப்பட்ட வெள்ளை ஓவல் புயல் சிவப்பாக மாறியதைக் கண்டு சொன்னார். 2010-இல் வியாழனின் தெற்கு நிலநடுப் பட்டை முழுவதுமாக வெளுத்துப்போய் இருந்த சமயத்தில், நவம்பர் 9 அன்று அதற்குள் ஒரு வெண்மேகம் வெடித்து எழுவதைப் படம் பிடித்ததும் அவர்தான். பட்டை மீண்டும் கருக்கத் தொடங்கியது அங்கிருந்து. இந்த அட்சரேகையில் அமெச்சூர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் எதிரி சூடு.

மொட்டை மாடி வசதியான இடம்தான், ஆனால் பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கான்கிரீட் நடுராத்திரி வரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் டெலஸ்கோப்பை வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டிய மண் தரைக்கு இறக்கினேன். மரங்கள் அடிவானத்தை மறைக்கின்றன, ஆனால் வியாழன் 40 டிகிரிக்கு மேல் ஏறின பிறகுதான் நமக்கு வேலை. பாலக்காட்டுக் கணவாயை நோக்கி ஓடும் கீழ்க்காற்று இந்த மாதங்களில் திடீர் திடீரென்று வீசும். குழாய் லேசாக ஆடினாலும் 3600 மி.மீ.-இல் வியாழன் திரையை விட்டே ஓடிவிடும். காற்று வரும் பக்கம் கீற்றுத் தட்டி ஒன்றை நட்டு வைத்தேன். தட்டி ஆள் உயரம் இருந்தால் போதும்.

அடுத்தது கண்ணாடி. வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வரும் 8 அங்குலக் கண்ணாடி வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். அதன் முகத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று குழாய்க்குள் மேலே ஏறும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வியாழனுக்குப் பக்கத்தில் உள்ள போலக்ஸ் நட்சத்திரம், நம் புனர்பூசத்தில் பிரகாசமானது, அதைத் திரையில் வைத்து ஃபோகஸை நன்றாக விலக்கினால் நட்சத்திரம் நடுவில் கருப்பு ஓட்டையுடன் ஒரு வளையத் தட்டாக விரியும். சூடான கண்ணாடி என்றால் அந்தத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து புகை போல இழை இழையாக ஏதோ ஏறிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை படம் எடுப்பதில் பயனில்லை.

கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குப் போடும் 80 மி.மீ. ஃபேன் ஒன்றைக் கண்ணாடியின் பின்னால் கட்டினேன். நேரடியாக ஸ்க்ரூ போட்டால் அதிர்வு கண்ணாடிக்குப் போகும், அதனால் சைக்கிள் ட்யூபை நீளப் பட்டைகளாக வெட்டி, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டி, ஃபேனை அந்தரத்தில் தொங்க விட்டேன். பவர் பேங்கிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும் கேபிள் கடையில் கிடைக்கிறது. படம் எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஃபேனை ஓட விட்டுவிடுவேன். போலக்ஸின் தட்டு அடங்கி, வளையங்கள் வட்டம் வட்டமாக நின்ற பிறகு, அதே நட்சத்திரத்தில் கோலிமேஷன், அதாவது கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டுக்குச் சீரமைப்பது. நடு ஓட்டை வளையங்களுக்கு மையத்தில் இல்லை என்றால் முதன்மைக் கண்ணாடியின் மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பார்ப்பது. பார்லோவும் கேமராவும் மாட்டிய நிலையிலேயே இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. லேசரில் சரியாக இருந்தும் கேமராவின் எடை ஏறியதும் விலகுகிற குழாய்கள் உண்டு.

ஃபோகஸ் குமிழில் ஒரு துணி கிளிப்பைக் கவ்வ வைத்தேன். விரலால் குமிழைப் பிடித்தால் படம் ஆடுகிறது, கிளிப்பின் நுனியைத் தட்டினால் மயிரிழை நகர்வு கிடைக்கிறது. வியாழனின் ஓரத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்வதைவிட அதன் நிலவான அயோவைப் பார்த்துச் செய்வது நல்லது. ஒரு ஆர்க் செகண்ட் அளவுள்ள அந்தச் சின்னத் தட்டு எப்போது மிகச் சிறிதாகிறதோ அதுதான் ஃபோகஸ்.

மோட்டார் இல்லாததால் வியாழன் திரையில் தானாக ஓடும். நொடிக்கு சுமார் 14 ஆர்க் செகண்ட். கேமராவின் முழு அகலத்தையும் திறந்து வைத்தால், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏறக்குறைய 16 நொடி கிடைக்கிறது. வியாழனை ஓரத்துக்கு வெளியே நிறுத்தி, கையை எடுத்து, ஆட்டம் அடங்க விட்டு, அது உள்ளே நுழைந்ததும் பதிவைத் தொடங்குவேன். வெளியே போனதும் மறுபடி தள்ளி அதே இடம். எக்ஸ்போஷர் 6 மில்லி செகண்ட், நொடிக்கு நூறு ஃபிரேமுக்கு மேல். இரண்டு நிமிடத்தில் நான்கு ஓட்டம் கிடைத்தால் 6,000 ஃபிரேம் தேறும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால், வட்டின் நடுவில் உள்ள மேகம் நிமிடத்துக்குக் கால் ஆர்க் செகண்ட் நகர்கிறது. இரண்டு நிமிடத்தில் அரை ஆர்க் செகண்ட். என் கண்ணாடியின் எல்லையும் ஏறக்குறைய அதுதான். இந்த ஓட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. படத்தில் வியாழன் ஓடுகிற திசைதான் மேற்கு. மேகங்கள் வட்டின் குறுக்கே நகர்வதும் அந்தப் பக்கமாகத்தான். திசை குழம்பவே வாய்ப்பில்லை.

உச்சியில் இருக்கும்போதுதான் சிறந்த படம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே டாப்சோனியனுக்கு அது பொருந்தாது. இந்த ஜனவரியில் வியாழன் இங்கே 78 டிகிரி உயரத்தில், உச்சிக்குச் சற்று வடக்கே கடந்தது. அந்த உயரத்தில் டாப்சோனியனைக் கிடையாகத் திருப்புவதே பெரும்பாடு. அதைவிட முக்கியம், கேமராவுக்குள் படமே சுழலும். உச்சத்தைக் கடக்கும் நேரத்தில் அது நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் மேல். வட்டின் ஓரத்தில் அது இரண்டு பிக்சலுக்கு மேல். 50 டிகிரி உயரத்தில், கிழக்கே இருக்கும்போது, இதே சுழற்சி டிகிரியில் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எதிரமைவு வாரத்தில் அந்த உயரம் வருவது இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு. ஆகவே என் வேலை நேரம் ஒன்பதரையிலிருந்து பதினொன்று. பிறகு நல்ல பிள்ளையாகத் தூங்கப் போகலாம். பின்னிரவில் மேற்கே இறங்கும்போது இதே வாய்ப்பு மறுபடி வரும். பனி அதற்குள் லேப்டாப்பை நனைத்திருக்கும் என்பதால் நான் அதற்கு அதிகம் போகவில்லை.

படம் தயாரிக்கும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் செய்வதுதான். பிப் மென்பொருள் ஓடுகிற வியாழனை ஒவ்வொரு ஃபிரேமிலும் நடுவுக்குக் கொண்டுவருகிறது. ஆட்டோஸ்டாக்கர்ட் தரம் பிரித்து அடுக்குகிறது. நான் மேலே உள்ள 20 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரெஜிஸ்டாக்ஸில் வேவ்லெட் என்ற கூர்மையாக்கும் வேலை. அளப்பதற்கான படத்தில் கூர்மையை மிதமாகவே ஏற்ற வேண்டும். அதிகமானால் ஓரங்களில் பொய்யான வெள்ளைக் கோடு முளைத்து, அளவெடுக்கும்போது எது மேகம், எது மென்பொருளின் வேலை என்று தெரியாமல் போய்விடும்.

நேரம்தான் இந்த முழு முயற்சியின் உயிர். ஒரு நிமிடம் பிசகினால் தீர்க்கரேகை 0.6 டிகிரி பிசகும். தோப்பில் இணையம் சரியாக வராது, அதனால் கிளம்பும் முன் லேப்டாப் கடிகாரத்தை வீட்டிலேயே ஒத்திசைத்துவிடுவேன். பதிவு செய்யும் மென்பொருளான ஃபயர்கேப்சர் ஒவ்வொரு பதிவுடனும் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. நடு நேரத்தை எடுத்து, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் உலக நேரம். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் டெலஸ்கோப்பில் பதிவு செய்தார்கள். அந்த நட்சத்திர ஒளி மங்கிய விதத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் கானிமீடுக்குக் காற்றுமண்டலம் உண்டா என்ற கேள்வியே ஆராயப்பட்டது. ஜவ்வாது மலையில் நடந்த அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் கடிகாரத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

அளப்பதற்கு வின்ஜூபாஸ் என்ற மென்பொருள். படத்தையும் நேரத்தையும் கொடுத்தால் அது வியாழனின் வெளிக்கோட்டை வரைந்து காட்டும். வியாழன் உருண்டையல்ல, நடுவில் 1,42,984 கிலோமீட்டர், துருவம் வழியாக 1,33,708 கிலோமீட்டர். அந்த நீள்வட்டத்தைப் படத்தின் மேல் சரியாகப் பொருத்துவதுதான் கையின் வேலை. ஓரம் இருட்டாக மங்குவதால், மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கும் காமாவை ஏற்றி வைத்துப் பொருத்த வேண்டும். பொருந்தியதும் எந்த இடத்தில் க்ளிக் செய்தாலும் அதன் தீர்க்கரேகையும் அட்சரேகையும் வரும். ஒரே படத்தை வேறு வேறு நாளில் மறுபடி அளந்து பார்த்ததில் என் அளவுகள் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போயின. பெருஞ்சிவப்புப் புள்ளி என்ற பெரும் புயல் இருக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 1,150 கிலோமீட்டர்.

அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்கினேன். அது இரண்டு நாளுக்கு ஒருமுறை, 1 மணி 38 நிமிடம் தாமதமாக, மறுபடி வட்டின் நடுவுக்கு வரும். ஐந்து சுற்று சுற்றி முடிக்க ஆகும் நேரம் அது. ஆகவே இன்று ஒன்பதே காலுக்கு வந்தால் நாளை மறுநாள் பத்தே முக்காலைத் தாண்டி வரும். என் படத்தில் அதன் நீளம் 21 பிக்சல் பக்கம், அதாவது 14,000 கிலோமீட்டர் அளவு. பூமியின் விட்டத்தைவிடச் சற்று அதிகம். 1979-இல் வாயேஜர் போனபோது அது சுமார் 23,000 கிலோமீட்டர். 2014-இல் ஹப்பிள் அளந்தபோது 16,500. புள்ளியின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்பதில் எனக்கே இரண்டு பிக்சல் சந்தேகம் இருப்பதால், சுருக்கத்தை ஒரே சீசனில் நான் காட்ட முடியாது. நகர்வைக் காட்ட முடியும். அது தன் பட்டைக்குள் மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு டிகிரி மேற்கே நழுவுகிறது (இது வியாழனின் சொந்த மேற்கு, வானத்தின் மேற்குக்கு எதிர்ப்பக்கம்). ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எடுத்த அளவுகளைத் தாளில் குறித்து ஒரு கோடு இழுத்தால் சரிவு தெரிகிறது.

ஆனால் மனதை முழுக்கப் பிடித்துக்கொண்டது நிலநடுப் பகுதி. வடக்கு நிலநடுப் பட்டையின் தெற்கு விளிம்பில் நீலம் கலந்த சாம்பல் திட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் ஒரு நீல இழை வளைந்து வெள்ளை மண்டலத்துக்குள் இறங்கும். ஐபீஸில் பார்த்தால் காற்று நிற்கிற கணத்தில் மட்டும் தெரிந்து மறையும், படத்தில் நிதானமாகத் தெரிகிறது. அந்தத் திட்டுகள் மேகம் விலகிய இடங்கள்; வறண்ட காற்று கீழே இறங்குவதால் மேகம் கலைந்து, அடியிலிருந்து வெப்பம் வெளியே கசிகிறது. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கூடு இறங்கியது இப்படிப்பட்ட ஒரு திட்டுக்குள்தான். எதிர்பார்த்த அளவு தண்ணீர் அங்கே இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

இரண்டு நாள் இடைவெளியில், இரண்டிலும் சிவப்புப் புள்ளி நடுவில் இருக்கும்போது எடுத்த படங்கள் இரண்டை ஒரே அளவாக்கி, லேப்டாப்பில் மாற்றி மாற்றிக் காட்டினேன். அண்ணன் மகன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். “சித்தப்பா, செவப்பு அங்கேயேதான் இருக்கு. மேல இருக்கற நீலக் கோடுதான் தள்ளிப் போயிருச்சு” என்றான். அவனிடம் முன்கூட்டி எதையும் சொல்லவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தோம்: நடுப்பகுதியில் 28 பிக்சல். டிகிரியில் 15.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. வியாழனின் நிலநடுப் பகுதி ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 9 மணி 50 நிமிடம் 30 விநாடி. அதற்கு வெளியே உள்ள பகுதிகளுக்கு 9 மணி 55 நிமிடம் 41 விநாடி. ஐந்து நிமிட வித்தியாசம்தான், ஆனால் ஒரு நாளைக்கு அது 7.6 டிகிரியாகச் சேர்கிறது. நிலநடுவின் மேகங்கள் சிவப்புப் புள்ளியை முந்திக்கொண்டே போய், சுமார் 47 நாளில் ஒரு முழு வட்டம் அதிகமாக அடித்துவிடுகின்றன. காசினி 1690 வாக்கில் இந்த வித்தியாசத்தைக் கண்டார். தோப்பு ஓரத்தில் கையால் தள்ளும் டெலஸ்கோப்பில் அது 28 பிக்சலாக வந்து நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இந்த வேலையை ஏன் செய்கிறோம் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு படங்களைத்தான் காட்டுகிறேன்.

சிவப்புப் புள்ளியின் பின்னால், அதாவது அது கடந்த பிறகு வட்டின் நடுவுக்கு வரும் பகுதியில், தெற்கு நிலநடுப் பட்டை கொந்தளித்துக் கிடக்கும். வெள்ளைச் சுருள்கள் இரண்டு நாளுக்குள் உருவம் மாறிவிடுகின்றன. அவற்றுக்கு எண் கொடுத்துப் பின்தொடரப் பார்த்தேன், 8 அங்குலத்துக்கு அது சற்று அதிகம். பெரிய கருவி உள்ளவர்களின் களம் அது. தென்னாப்பிரிக்காவின் சென்சூரியனில் இருந்து கிளைட் ஃபாஸ்டர் 2020 மே 31 அன்று மீத்தேன் ஃபில்டர் வழியாக ஒரு புதிய புள்ளியைக் கண்டார். இரண்டே நாளில், ஜூன் 2 அன்று, ஜூனோ விண்கலம் அதற்கு அருகே பறந்து படம் எடுத்தது. ஜூனோ வியாழனை முழுமையாக எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது பறக்காத நாட்களில் அங்கே என்ன நடந்தது என்பதற்கு அமெச்சூர் படங்கள்தான் தொடர்ச்சியான பதிவு. என் கோப்புகளின் பெயரில் நாளும் உலக நேரமும் தீர்க்கரேகையும் வைத்திருப்பதும் அதற்காகத்தான், யாருக்காவது எப்போதாவது தேவைப்படலாம்.

அடுத்த எதிரமைவு 2027 பிப்ரவரியில், சிம்மத்தில். மழையும் இருக்காது, பனியும் குறைந்திருக்கும். ஆனால் வியாழன் அப்போது இன்னும் உச்சிக்கு நெருக்கமாகக் கடக்கும், டாப்சோனியனுக்கு இன்னும் சிரமம். அதனால் மவுண்டின் அடியில் வைத்து, பூமியின் சுழற்சிக்கு ஈடாக டெலஸ்கோப்பை மெல்லத் திருப்பும் ஈக்குவட்டோரியல் பிளாட்ஃபார்ம் ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கிடைக்கிற வரைபடங்கள் பெரும்பாலும் 35, 40 டிகிரி அட்சரேகைக்கானவை. நமக்குச் சுழல் அச்சு தரையிலிருந்து 11 டிகிரிதான் சாய்ந்திருக்கும், கிட்டத்தட்டப் படுத்த நிலை. பலகை ஒரு மணி நேரத்தில் கிழக்குப் பக்கம் ஏழரை டிகிரி சாய்விலிருந்து மேற்குப் பக்கம் ஏழரை வரை தொட்டில் போல ஆட வேண்டும், டெலஸ்கோப்பின் எடை மையம் அந்த அச்சின் கோட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்துக்குப் போகப் போக மோட்டார் திணறும், பக்கவாட்டில் கவிழும் அபாயமும் உண்டு. என் டெலஸ்கோப்பின் எடை மையம் பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டும் பெட்டியைத் தனியாக நிறுத்தியும் பார்த்துக் குறித்திருக்கிறேன். வடக்கு, தெற்கு இரண்டு வளைவுகளையும் 18 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் வரைந்தாயிற்று. ஆசாரி அடுத்த வாரம் அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.